ஆன்லைனில் வாங்கிய போனை ஊர்க் கடையில் திருப்பித் தர முடியுமா?

என் சித்தப்பா மகன் பெரம்பலூரில் இருந்து தினமும் அரியலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். அங்கே ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். போன வருஷம் ஒரு பிராண்டின் சொந்த இணையதளத்தில் 16,999 ரூபாய்க்கு போன் ஆர்டர் போட்டார். அவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். போன் வந்த மூன்றாவது நாளே மைக் வேலை செய்யவில்லை. இவர் பேசுவது எதிர்முனையில் யாருக்கும் கேட்கவில்லை.

பில், பெட்டி எல்லாம் பத்திரமாக இருந்தன. பெரம்பலூரிலேயே அதே பிராண்டின் பெயர்ப்பலகையோடு ஒரு ஷோரூமும் இருந்தது. கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனார்.

"சார், இது ஆன்லைன்ல வாங்கினது. இங்க எடுக்க மாட்டோம்."

"அதே கம்பெனிதானே அண்ணே?"

"போர்டு அதேதான் சார். கடை வேற."

அதன்பிறகு கஸ்டமர் கேருக்கு போன். "சர்வீஸ் சென்டரில் காட்டி, பழுது என்று சான்று வாங்கி அனுப்புங்க" என்றார்கள். அருகில் இருந்த சர்வீஸ் சென்டர் திருச்சியில். ஒரு நாள் லீவு. முதல் முறை "சிஸ்டம் டவுன்" என்றதால் இன்னொரு நாள் லீவு. போனை மாற்றித் தருவதற்கான 7 நாள் கெடு இதற்குள் முடிந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்த பிறகே பணம் திரும்பி வந்தது. இரண்டு நாள் சம்பளமும் பஸ் செலவும் போனது போனதுதான்.

அந்தக் கடைக்காரர் சொன்னது சரியா? சட்டப்படி பெரும்பாலும் சரி. நியாயப்படி சரியில்லை. இந்த இடைவெளியை யார் அடைப்பது என்பதுதான் கேள்வி.

போர்டு ஒன்று, கடை வேறு எப்படி?

சின்ன ஊர்களில் நாம் பார்க்கும் பிராண்ட் ஷோரூம்களில் பல, அந்த நிறுவனம் நேரடியாக நடத்துபவை அல்ல. உள்ளூர் முதலாளி ஒருவர் டீலராகச் சேர்ந்து, சொந்தப் பணம் போட்டு நடத்துவார். பெயர்ப்பலகை பிராண்டுடையது. சரக்கு, கணக்கு, லாப நஷ்டம் எல்லாம் அவருடையது. நீங்கள் இணையதளத்தில் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கு வந்திருக்காது.

பெரிய ஆன்லைன் சந்தைகளில் இன்னும் ஒரு அடுக்கு உண்டு. வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கை வைத்து விற்க நம் நாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. தளம் ஒருவர், விற்பவர் இன்னொருவர். உங்கள் பில்லில் இருப்பது அந்த இன்னொருவரின் பெயர்தான்.

பில்லில் இருக்கிற 15 எழுத்து

கடையும் ஆன்லைனில் விற்றவரும் ஒரே நிறுவனமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பில்லில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் இருக்கும். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிராவுக்கு 27, ஹரியானாவுக்கு 06. அடுத்த 10 இலக்கம் அந்த நிறுவனத்தின் பான் எண்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைகள் தங்கள் எண்ணை வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் போட வேண்டும் என்பது விதி. ஆக, பில்லை கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் 10 இலக்கமும் ஒன்றாக இருந்தால், மாநிலக் குறியீடு வேறாக இருந்தாலும், நிறுவனம் ஒன்றுதான். அப்போது "கடை வேற" என்ற பதில் எடுபடாது. மேனேஜரைக் கூப்பிட்டு தாராளமாகக் கேட்கலாம். வேறாக இருந்தால், கவுன்டரில் நிற்கும் பையனிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

என் தம்பியின் பில்லில் 29 என்று தொடங்கியது. கடை போர்டில் 33. நடுவில் இருந்த பான் எண்ணும் வேறு. அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஆன்லைனில் வாங்குபவரையும் நுகர்வோர் என்று தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்றும் வரையறுத்திருக்கிறது.

2020 ஜூலை 23 அன்று வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "கலர் பிடிக்கல", "வேற மாடல் நல்லா இருக்கு" என்பதற்காகத் திருப்பித் தரும் சட்ட உரிமை நம் நாட்டில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் பின்வாங்கலாம். இங்கே அது விற்பவர் வைத்திருக்கும் பாலிசியைப் பொறுத்தது.

ஓட்டை எங்கே?

திரும்பப் பெற வேண்டும் என்று சொல்லும் விதி, எங்கே பெற வேண்டும் என்று சொல்லவில்லை. கடையும் இணையதளமும் சேர்த்து நடத்தும் பிராண்டுகளை இந்த விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆனாலும் ஆன்லைனில் விற்றதைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மெட்ரோ பிடித்து சர்வீஸ் சென்டர் போய் வந்துவிடுவார். பெரம்பலூர் நகரத்துக்கு ரயிலே கிடையாது, திருச்சிக்கு பஸ்தான். வீட்டுக்கே டெலிவரி செய்த அதே நிறுவனம், திருப்பி எடுக்கும்போது "உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை, நீங்களே கூரியர் அனுப்புங்க" என்று சொல்வதும் நடக்கிறது. கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்த வழி, எடுத்துப்போக மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

இதைவிட முக்கியமான ஒன்று. இணையதளத்தில் துணிந்து பணம் கட்ட நமக்குத் தைரியம் தருவது நம் ஊரில் தெரியும் அந்த போர்டுதான். "ஏதாச்சும் ஆனா கடை இருக்கே" என்ற நினைப்பு. போர்டைக் காட்டி நம்பிக்கையை வாங்கும் பிராண்ட், பழுது என்று வரும்போது மட்டும் அந்த போர்டுக்குப் பின்னால் ஒளியக் கூடாது.

செய்ய முடியாத காரியமா?

டீலர்கள் தரப்பில் இரண்டு நியாயமான பயம் இருக்கிறது. முதலாவது: "லாபம் அவங்களுக்கு, வேலை மட்டும் எங்களுக்கா?" கடை பணம் தர வேண்டாம். போனை வாங்கி, ரசீது கொடுத்து, நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும். அந்த வேலைக்கு ஒரு சிறு தொகையை நிறுவனம் டீலருக்குத் தரட்டும்.

இரண்டாவது: "பழைய போனைப் பெட்டியில் வெச்சுக் கொடுத்துட்டா?" ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கிறது. பில், பெட்டி, போன் மூன்றிலும் எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது.

அமெரிக்காவில் அமேசானில் வாங்கியதை, அமேசானுக்குச் சொந்தமில்லாத கோல்ஸ் என்ற கடைகளில் திருப்பித் தரலாம். 2019 முதல் அந்நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களே கைகோத்துச் செய்யும்போது, ஒரே போர்டின் கீழ் இருப்பவர்களால் முடியாதா?

எனவே மின்வணிக விதிகளில் இரண்டு வரி சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. ஒன்று, ஆன்லைனில் விற்கும் பிராண்டின் பெயரில் மாவட்டத்தில் ஒரு கடையாவது இருந்தால், பழுதான பொருளைப் பெற்று ரசீது தரும் இடமாக அது செயல்பட வேண்டும். இரண்டு, அப்படிப் பெறும் கடை எது என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே, பின்கோடைப் போட்டதும் காட்ட வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

• பெட்டியைப் பிரிக்கும்போது ஆரம்பத்தில் இருந்து வீடியோ எடுங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். பில்லோடு ஒப்பிடுங்கள்.

• பழுது தெரிந்த அன்றே ஆப்பிலோ இமெயிலிலோ புகாரைப் பதியுங்கள். கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் அலைவதெல்லாம் அதற்குப் பிறகு. என் தம்பி செய்த தவறு இதுதான். கடையை நம்பி முதல் இரண்டு நாளை விட்டுவிட்டார்.

• கடையோ சர்வீஸ் சென்டரோ, வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள். தேதி போட்ட ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள்.

• போனைத் திருப்பித் தருமுன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருந்து வெளியேறி, முழுவதும் அழித்துவிடுங்கள். இஎம்ஐயில் வாங்கியிருந்தால், பணம் திரும்பியதும் இஎம்ஐ ரத்தாகிவிட்டதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

• பதில் வரவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

• அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரில் இருக்கட்டும், குருகிராமில் இருக்கட்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் வேலை பார்ப்பவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. லீவு போட்டு அலைந்த செலவையும் நஷ்ட ஈடாகக் கேளுங்கள்.

என் தம்பி அந்த வழக்கைப் போடவில்லை. "பணம் வந்துடுச்சு, விடுண்ணே" என்றார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் விடுகிறோம். அந்த இரண்டு நாள் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். "போர்டு அதேதான், கடை வேற" என்ற பதில் அதனால்தான் இன்னும் செல்லுபடியாகிறது. அடுத்த முறை ஆர்டர் போடுவதற்கு முன் ஊர்க் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆன்லைன்ல வாங்கினா, பழுதுன்னா நீங்க எடுத்துக்குவீங்களா?" இல்லை என்றால், விலையில் சில நூறு வித்தியாசம் இருந்தாலும் கடையிலேயே வாங்குவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் திருச்சி பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.