ஊசிக்கு மொழி இல்லையாம்

"உயிர் காக்கும் இடத்திலுமா உங்களுக்கு மொழிப் பிரச்சினை?" என்று என்னிடம் கேட்பவர்கள் இரு சாரார். ஒரு சாரார் என் சிங்கள நண்பர்கள். பெரும்பாலும் நல்லவர்கள், உண்மையாகவே வியந்து கேட்பவர்கள். மறு சாரார் தமிழர்கள். கொழும்பில் வசதியாக வாழ்பவர்கள், சிங்களம் சரளமாகப் பேசுபவர்கள், தலையிடி என்றாலும் தனியார் வைத்தியசாலையில் 'சனல்' பண்ணிக்கொள்பவர்கள். வைத்தியத்துக்கு மொழி கிடையாது, ஊசிக்கு இனம் தெரியாது என்பது இரு சாராரதும் ஏகோபித்த தீர்ப்பு. வளர்ந்தவரின் நோயில் அது ஓரளவுக்குச் சரியாகவும் இருக்கலாம். நோகும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிடலாம். நான்கு வயதுப் பிள்ளையின் நோயில் அது அப்பட்டமான பொய்.

2017ஆம் ஆண்டை இலங்கையர் மறந்திருக்க முடியாது. அந்த ஒரே ஆண்டில் 186,000இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த யூலை மாதத்தில் என் மகளும் காய்ச்சலில் விழுந்தாள். அவளுக்கு அப்போது வயது நான்கு. எடை 16 கிலோ. எடையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனையில் சிறுதட்டுகள் இறங்கத் தொடங்கியிருந்தன. கொழும்புக்கு அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையொன்றில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். வேறு எதில் சேர்த்திருந்தாலும் இந்தக் கட்டுரை பெரிதாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், சிலவற்றில் மூன்று. தாய்மார் பகலில் பிளாஸ்ரிக் கதிரையில், இரவில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து. தாதியர் நடந்ததை நான் காணவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சதமும் அறவிடாமல் என் மகளை உயிரோடு திருப்பித் தந்தார்கள். இந்நாட்டின் இலவச மருத்துவத்தைப் பழிப்பவன் நானல்லன். வரிப்பணத்தில் நாம் செய்துகொண்ட உருப்படியான காரியங்கள் சொற்பம். அவற்றுள் இது முதன்மையானது என்பதே என் கருத்து.

ஆனால் அந்த விடுதியில் தந்தையருக்கு இடமில்லை. பார்வையாளர் நேரத்தில் சிறிது நேரம் எட்டிப் பார்க்கலாம். மற்றபடி வாயிலுக்கு வெளியே. தாய்மார் உறங்கும் இடத்தில் ஆடவர் நடமாடக்கூடாது என்பது நியாயமான ஏற்பாடு. அதில் எனக்கு வழக்கில்லை. சிக்கல் எங்கே என்றால், எங்கள் வீட்டில் சிங்களம் தெரிந்தவன் நான். என் மனைவி மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவர். மணமாகிக் கொழும்புக்கு வந்தபின் சந்தைக்குப் போதுமான சிங்களம் பழகியிருந்தார். மீன் என்ன விலை என்று கேட்பார். "நள்ளிரவுக்குப் பின் பிள்ளை எத்தனை மில்லிலீற்றர் சிறுநீர் கழித்தது?" என்ற கேள்விக்குரிய சிங்களத்தை அவருக்கு எந்த மீன்காரரும் கற்பிக்கவில்லை.

இவ்விடத்தில் டெங்குவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். என் வாதம் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

டெங்குவுக்கு நேரடி மருந்து இல்லை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல்; அதற்கு மேல் எல்லாம் அவதானிப்பும் நீர்க் கணக்கும். ஏனைய காய்ச்சல்களில் உடற்சூடு தணிந்தால் தாயின் நெஞ்சும் குளிரும். டெங்குவிலோ காய்ச்சல் விடும் வேளையில்தான் ஆபத்து கதவைத் தட்டுகிறது. நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியத் தொடங்கும். வயிற்றுநோ, ஓயாத வாந்தி, குளிர்ந்துபோகும் கைகால்கள், குறைந்துபோகும் சிறுநீர் ஆகியவைதாம் எச்சரிக்கைகள். இந்தக் கட்டம் ஏறத்தாழ ஒன்று தொடக்கம் இரண்டு நாட்கள் நீடிக்கும். அந்நேரத்தில் பிள்ளையின் உடலுக்குள் செல்லும் திரவத்துக்கு எடையின்படி ஒரு பங்கு வகுக்கிறார்கள். 16 கிலோ பிள்ளைக்கு 48 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2,100 மில்லிலீற்றர். சேலைனாக ஏறுவதும் வாயால் குடிப்பதும் இதற்குள் அடக்கம். குறைந்தால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும். கூடினால் கசிந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சை அடைக்கும். சிறுநீரின் அளவே பெரிய வழிகாட்டி. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர் வரை போனால் சரி.

இந்தக் கணக்கை வைப்பது யார்? வைத்தியர் வந்து போவார். ஐம்பது, அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று தாதியர். குடித்த ஒவ்வொரு மிடறையும் கழித்த ஒவ்வொரு துளியையும் அளவுக் கிண்ணத்தில் பார்த்துத் தாளில் குறிப்பவள் தாய். சம்பளமில்லாத தாதி அவள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட தாள் தனிச் சிங்களத்தில் இருந்தது.

சுவரில் தமிழ் இல்லாமலில்லை. நுளம்பு ஒழிப்புப் பற்றி வண்ணப் படத்துடன் ஒரு சுவரொட்டி இருந்தது. வாயிலில் இன்னொரு பலகை, பாதணிகளை அல்ல, 'பாதங்களைக் கழற்றி வைக்கவும்' என்று எங்களைப் பணித்தது. தமிழ் தேவைப்படாத இடங்களில் தமிழ் தாராளமாக இருந்தது என்கிறேன்.

என் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தாளின் தலைப்புகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து வரையச் சொல்ல முடியாதே! தொலைபேசியைத் தாதியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வாசித்தார், நான் தமிழில் சொன்னேன், மனைவி ஒவ்வொரு நிரலின் மேலும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஐந்து இரவுகள், வைத்தியசாலை மதிலோரம் நின்ற முச்சக்கர வண்டியொன்றில் குந்தியிருந்து, நான் அந்த விடுதியின் உத்தியோகப்பற்றற்ற மொழிபெயர்ப்பாளன் ஆனேன். காய்ச்சல் விட்ட அன்று மனைவி மகிழ்ந்து செவ்விளநீர் கொடுக்கப் போனார். "இனித்தான் கவனம், அளந்து கொடுங்கள்" என்று வைத்தியர் சொன்னது என் வாய்வழியாக அவரை அடைந்தது. எனக்கு வேலை தெரிந்திருந்தது, கையில் தொலைபேசி இருந்தது, அதில் பணமும் இருந்தது.

அதே கட்டிலின் மறுபாதியில் இருந்த பிள்ளையின் தாய்க்கு இவை எதுவும் இல்லை. மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளம் பெண். கணவர் இரவு வேலை. அவர் பிள்ளையின் சிறுநீரை ஒழுங்காக, சுத்தமாக, கழிவறையில் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். தாள் ஆறு மணித்தியாலம் வெறுமையாகக் கிடந்தது. வைத்தியர் வந்து பார்த்துச் சினந்தார். தாதி அந்தப் பெண்ணை ஏசினார். "அக்கா, மிஸ் எதுக்கு ஏசுறாங்க? நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். மீண்டும் தொலைபேசி என்னிடம் வந்தது. தாதி சொன்னார், "மாத்தயா, நான் மூன்று தடவை சொன்னேன்." உண்மைதான். மூன்று தடவையும் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பிள்ளையைத் தீவிர கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான்கு நாள் கழித்துத் தேறி வந்தது. தேறி வந்தது என்பதால் அந்த ஆறு மணித்தியாலமும் எந்த அறிக்கையிலும் இடம்பெற்றிராது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1987இல் 13ஆவது திருத்தம் 'தமிழும் ஓர் அரசகரும மொழி' என்றது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழர் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்பாடவும் கருமமாற்றவும் உரித்தளித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கென ஒரு சட்டம். 2007 யூலைக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமென ஒரு சுற்றறிக்கை. காகிதத்தில் இத்தனை இருந்தும், 2017இல், அதாவது 13ஆவது திருத்தத்தின் முப்பதாவது ஆண்டில், ஒரே ஒரு பக்கத் தாளைத் தமிழாக்க ஆளில்லை. அரை மணித்தியால வேலை அது.

"ஆளணிப் பற்றாக்குறை" என்பார்கள். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இந்தப் பதில் இன்னும் வலுவாக ஒலிக்கிறது. மருந்துத் தட்டுப்பாட்டையும் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதையும் கண்ட நாட்டில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது ஆடம்பரம் என்கிறார்கள். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். தாதியர் குறையக் குறையத் தாயின் வேலை கூடுகிறது. அவளையே நம்பி விடுதியை நடத்தும் நிருவாகம், அவளுக்கு விளங்கும் மொழியில் வேலையைச் சொல்லித்தர மறுப்பது சிக்கனமாகாது.

"சிங்களம் படியுங்களேன்" என்பது அடுத்த பதில். நான் படித்திருக்கிறேன். மட்டக்களப்புக்கும் வவுனியாவுக்கும் பயிற்சிக்கு வரும் சிங்கள இளம் வைத்தியர்கள் பலர் "எங்க நோகுது?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள், அவர்களை மனமார மெச்சுகிறேன். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கட்டிலருகே வைத்து ஒரு தாய்க்கு மொழிப்பாடம் நடத்த முடியாது.

நம்மவர்களையும் விட்டுவைக்க மனமில்லை. தனியார் வைத்தியசாலைகளில், நான் கண்டவரை, காசு கட்டும் கருமபீடத்தில் தமிழ் பேச ஒருவர் இருக்கிறார். பணம் வரும் இடத்துக்குத் தமிழ் தெரிந்தவர் எப்படியோ கிடைத்துவிடுகிறார். நமது நாடாளுமன்ற உறுப்பினர்களோ பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதா மூன்றாவதா என்று அளப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியைக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளில் காட்டியதில்லை. பலகையைப் படம் பிடிக்கலாம். தாளைப் பிடிக்க முடியாது. இலண்டனிலுள்ள நண்பர் ஒருவர், அங்கே அரச வைத்தியசாலையில் தம் தாயாருக்குத் தொலைபேசி வழியே தமிழ் உரைபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்து தந்ததாகப் பெருமையுடன் எழுதினார். அங்கே தமிழ் அரசகரும மொழி அன்று.

நான் கேட்பது பெரிதன்று. நீர்க் கணக்குத் தாளும் எச்சரிக்கைக் குறிகளும் சம்மதப் படிவமும் மும்மொழியில் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைமுறையிலும் சிறுவர் விடுதியில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கட்டும். தாதியாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, சிற்றூழியரும் போதும். அதுவும் இயலாதெனில், வைத்தியர் பார்வையிடும் அந்தப் பத்து நிமிடத்துக்காவது மொழி தெரிந்த தந்தையை உள்ளே விடட்டும்.

2017இன் இறுதியில் அந்தத் தாளை நானே தமிழாக்கி, சிறுவர் வைத்தியர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, அச்சிடத் தயாரான நிலையில் அந்த வைத்தியசாலைக்கு அனுப்பினேன். ஏழு வாரத்தின் பின் பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாகக் கூறி எனக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள், சிங்களத்தில். தாளின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. சிறுவர் விடுதிகளில் பணியாற்றும் எவரேனும் கேட்டு எழுதினால் அன்றே அனுப்பி வைப்பேன்.