வறுமைக்கு எது வரம்பு?

"தந்தையின் ஆண்டு வருமானம் எவ்வளவு?" கல்வி உதவித்தொகை கோரும் மாணவன் முதலில் சந்திக்கும் வினா இதுதான். கேட்பது எளிது, விடை பகர்வதுதான் கடினம்.

என் தந்தையார் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய், ஆண்டுக்கு 2,52,000. நான் விண்ணப்பித்த உதவித்தொகைக்கு வரம்பு 2,50,000. இரண்டாயிரம் ரூபாய் மிகுந்ததால் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்த இரண்டாயிரம் எங்களைச் செல்வராக்கிவிடவில்லை. வீட்டில் ஆறு பேர். தங்கைகள் இருவர் படிக்கின்றனர். பாட்டியாருக்கு மாதந்தோறும் மருந்து. வருமானச் சான்றிதழில் இவற்றை எழுத இடமில்லை.

என் நண்பனின் தந்தையார் வியாபாரி. சம்பளச் சீட்டு இல்லாத தொழிலில் சொன்னதே வருமானம். அவனுக்கு உதவி கிடைத்தது. நண்பன் மீது எனக்குக் கோபமில்லை. அளவுகோல் மீதுதான் கோபம்.

வீட்டைப் பார்த்து முடிவு செய்யலாமே என்பார் சிலர். நம் செட்டிநாட்டில் அதுவும் செல்லாது. தூண்களும் முகப்பும் கண்டு மலைப்போர், அப்பெரிய வீட்டில் பங்காளிகள் பலருக்குப் பங்குண்டு என்பதையும், ஒருவருக்கு ஓர் அறையே மிஞ்சலாம் என்பதையும் அறியார்.

வருமான வரம்பு தமிழகத்துக்குப் புதிதன்று. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என வரம்பு கட்டியது. எதிர்ப்பு வலுத்தது, 1980இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இட ஒதுக்கீடு வேறு, உதவித்தொகை வேறு. முன்னது சமூக நீதி, பின்னது பொருளுதவி. பொருளுதவிக்கு வருமானம் பார்ப்பது தவறன்று. பார்க்கும் முறையில்தான் குறை.

ஆதிதிராவிட மாணவர்க்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2013இல் இரண்டரை இலட்சம் வரம்பாயிற்று. 2021இல் புதிய நெறிமுறைகள் வந்தபோதும் அதே இரண்டரை இலட்சம்தான். இடைப்பட்ட எட்டாண்டுகளில் அரிசியும் எண்ணெயும் அதே விலையிலா நின்றன?

2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் வருமானம் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்றே கேட்டன. மாதம் 1,000 ரூபாய். என் தேர்வுக் கட்டணத்துக்குக் கைகொடுத்தது அத்தொகையே. எனினும் பெருந்தொகைகளை அவ்வாறு எல்லார்க்கும் வழங்கல் இயலாது என்பதை உணர்கிறேன்.

ஆகவே வரம்பை நீக்குக என்று நான் கேட்கவில்லை; வரம்பு செங்குத்துச் சுவராக இராமல் படிக்கட்டாக இருக்கட்டும் என்கிறேன். வருமானம் சிறிது கூடினால் உதவி சிறிது குறையட்டும். அடியோடு நிற்க வேண்டாம். ஒரு வருமானத்தில் எத்தனை பேர் உண்கின்றனர், எத்தனை பேர் படிக்கின்றனர் என்பதும் கணக்கில் சேரட்டும். விலைவாசி ஏறும்போது வரம்பும் ஏறட்டும்.

வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி கண்ட நகர் இது. பொருள் இல்லாமையால் இங்கு எவர் படிப்பும் தடைப்படலாகாது. அதுவும், இரண்டாயிரம் ரூபாய் 'கூடுதலாக' இருந்தது என்பதற்காக!