பின்கரணம்

சிறுவயதில், கம்பைநல்லூரில் ஒரு சந்தை நாளன்று, கழைக்கூத்தாடிச் சிறுமி ஒருத்தி பின்கரணம் அடிக்கக் கண்டேன். தந்தை மேளம் தட்ட, அவள் இல்லாத நாற்காலியில் அமரப்போகிறவளைப்போல முழங்கால் மடித்தாள். கைகள் காதோரம் உயர, உடல் பின்னோக்கி வில்லாக வளைந்து பறந்தது. உள்ளங்கைகள் மண்ணைத் தொட்ட கணத்திலேயே கால்கள் மறுபுறம் வந்து ஊன்றின. தொடர்ந்து ஐந்தாறு முறை. பிறகு அவள் தட்டேந்தி வந்தாள், கூட்டம் கலைந்தது.

மறுநாள் ஆற்று மணலில் நானும் முயன்று மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். இந்த வித்தைக்கு வலிமையைவிட, காணாத திசையில் விழத் துணிவதே முக்கியம் என்பது பின்னர்தான் புரிந்தது. பயந்தவன் பின்னால் சாய்வதற்குப் பதிலாக மேலே குதிக்கிறான்; கைகளுக்குமுன் தலை தரையைத் தொட்டுவிடுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் இதனை ‘பேக் ஹேண்ட்ஸ்பிரிங்’ என்பார்கள். அங்கே இது பெரும்பாலும் முடிவல்ல, முன்னேற்பாடு. கைபடாமல் அந்தரத்தில் சுழலும் பெருந்தாவலுக்கு வேண்டிய வேகத்தை இதுவே சேர்த்துத் தருகிறது.

இவ்வளவு நுட்பமான ஒன்றை நம் மொழி எப்படி நடத்துகிறது? கட்சி மாறுபவன் ‘அந்தர் பல்டி’ அடிக்கிறான். நடக்காத காரியம் ‘குட்டிக்கரணம் போட்டாலும்’ நடக்காது. ‘கூத்தாடி’ என்பதோ வசைச்சொல். ஆனால் சிதம்பரம் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டிருக்கும் 108 நடன நிலைகளுக்கும் கரணம் என்றே பெயர். அதே சொல் கல்லில் கலையாகவும் தெருவில் பிச்சையாகவும் பொருள்படுகிறது. குறுந்தொகையின் 7ஆம் பாடல், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுகளுக்குக் கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலியை உவமை சொல்கிறது. அத்தனை பழைய உறவு நமக்கும் இந்த மனிதர்களுக்கும்.

சர்க்கஸில் சிறார்களை ஈடுபடுத்துவதை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. அந்தச் சிறுமி படித்திருக்க வேண்டிய நேரத்தில்தான் நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் நிபந்தனைகளுடன் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் விளையாட்டிலும் பங்கேற்க இடமளித்து, சர்க்கஸை மட்டும் விலக்குகிறது. தொலைக்காட்சி அரங்கில் ஒரு குழந்தை பல்டியடித்தால் அது திறமை. வீதியில் அடித்தால் அவலம். தட்டைப் பிடுங்கியது சரி. அந்த உடல் அறிந்திருந்த வித்தைக்கு வேறு எந்த இடத்தைக் காட்டினோம்?

அகர்தலாவில் வளர்ந்த தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காமிடம் வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி. தேசமே பெருமூச்சு விட்டது. பெருநகரத்திலிருந்து வராத அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலேயே ஒரு பயிற்சியாளரும் பயிற்சிக் கூடமும் வாய்த்தன. எங்கள் சந்தையில் ஆடிய சிறுமிக்கு வாய்த்தது புழுதி. தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகளுக்குக் கைமாறிய பாடத்தை நாம் ஒருபோதும் கல்வியாக மதிக்கவில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது, இப்போதெல்லாம் கழைக்கூத்தாடிகள் வருவதில்லை என்றார்கள். சொன்னவர் குரலில் வருத்தமில்லை. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தால் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு மெத்தை விரிக்கப்பட வேண்டும். முதுகைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும். முடிந்தால், அந்த ஆசிரியர் கழைக்கூத்தாடிக் குடும்பத்திலிருந்தே வந்தவராக இருக்க வேண்டும். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று பழமொழி சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள் நாம். கரணம் தப்பினாலும் பிள்ளை எழுந்து நிற்க ஒரு மெத்தை போடுவது நம்மால் ஆகாத காரியமல்ல.