கடைசிச் சில நூறு மீட்டர்

ரயில்வே சரித்திரம் எழுதுவோருக்கு நீளத்தின்மீது ஒரு மோகம் உண்டு. ஆயிரம் மைல் ஓடும் பாதைக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குகிறவர்கள், சில நூறு மீட்டரோடு நின்றுவிட்ட பாதைக்கு ஓர் அடிக்குறிப்பைக்கூட மனமுவந்து அளிப்பதில்லை. ஸ்விட்ஸர்லாந்தில், ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்னும் பனிச்சிகரங்களுக்கு எதிரே, சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் செங்குத்தான விளிம்பின்மேல் அமர்ந்திருக்கும் மியூரன் என்ற சிற்றூரின் குதிரை டிராமுக்கு நேர்ந்த கதி இதுவே. அது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

1890களின் பிற்பகுதியில் அவ்வூருக்குப் புறப்பட்ட ஒரு பிரயாணியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இன்டர்லாக்கனிலிருந்து லவுட்டர்புரூனன் வரை அவரை நீராவி இழுத்தது. அங்கிருந்து குரூட்ஷல்ப் மேட்டுக்கு ஏற்றியது வெறும் தண்ணீர்: நம் பழனி விஞ்சைப் போல ஒரே வடத்தில் பிணைத்த இரு வண்டிகளுள், மேலே நிற்பதன் தொட்டியில் நீரை நிரப்பினால், அது தன் கனத்தால் கீழே இறங்க, இறங்குகிற வேகத்தில் மற்றது மேலே ஏறும், அடிவாரத்தில் நீரைக் கொட்டிவிட்டால் மறுபடியும் அதே நாடகம். மேட்டிலிருந்து மியூரன் வரை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் மின்சார ரயில். அது ஓடத் தொடங்கியது 1891-இல் என்பதை எண்ணினால், அக்காலத்தில் அது எத்தகைய அதிசயமாக இருந்திருக்கும்! இத்தனை அதிசயங்களையும் கண்டு நிலையத்தில் இறங்கியவருக்காக, ஹோட்டலுக்குச் செல்லும் தண்டவாளத்தின்மேல், பூட்டிய குதிரையோடு ஒரு சிறு வண்டி காத்துக்கொண்டிருந்தது.

இதைப் பிற்போக்கு என்று சிரிப்பவர் சிரிக்கலாம். கால்வலிக்கு அஞ்சிய செல்வந்தரின் சொகுசு என்று கண்டிப்பவரின் பேச்சிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அக்காலத்து விருந்தினர் கூடவே கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளை யாரேனும் ஒருவர் சுமந்தாக வேண்டும் அல்லவா? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளுகையில் உராய்வு மிகக் குறைவாதலால், மண்பாதையில் இழுக்கக்கூடிய பாரத்தைப்போல் பன்மடங்கை ஒரே குதிரை அநாயாசமாக இழுத்துவிடும். அந்தச் சொற்ப தூரத்துக்கு அதைவிடப் பொருத்தமான யந்திரம் அன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மலையைக் குடைந்து பாதை போடத் துணிகிற பொறியியல் மேதைகள் பெரும்பாலும் நிலையத்து வாசலோடு தம் கடமை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். வாசலுக்கு அப்பாலும் பிரயாணம் உண்டு என்பதை நினைவில் வைத்திருந்த மியூரன்காரர்களை நான் அவர்களினும் ஒரு படி மேலாகவே மதிப்பேன்.

பிற்கால வரலாற்றைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். 1902-இல் வடவண்டி தண்ணீரை விட்டு மின்சாரத்துக்கு மாறியது. 2006-இல் அதன் இடத்துக்குத் தொங்கும் கம்பிவட வண்டி வந்தது. பிரிட்டிஷ் பனிச்சறுக்கு முன்னோடி ஆர்னல்டு லன் 1922-இல் அங்கு நடத்திய, கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பந்தயத்துக்குப் பின் மியூரன், பனிச்சறுக்கின் திருத்தலமாயிற்று. 1930களில் குதிரை டிராம் மறைந்தது.

மோட்டார் கார்களை அவ்வூர் இன்றும் தன் வீதிகளில் அனுமதிப்பதில்லை. நிலையத்தில் இறங்குகிறவருடைய பெட்டியின் அடியிலேயே இப்போது சக்கரம் வந்துவிட்டது. குதிரையின் வேலையை அவரே செய்துகொள்கிறார்.