வன்னியின் வறுமைக்கு மண் காரணமல்ல

"வன்னி வரண்ட பூமி. அங்குள்ளவர்கள் கிடைத்ததுடன் திருப்திப்படுபவர்கள். அதனால்தான் முன்னேறவில்லை." இந்த விளக்கத்தை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நான் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். கூறுபவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். ஆயினும் இதனை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2016 ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரங்களை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதிலும் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர் 4.1 வீதம். கிளிநொச்சியில் 18.2 வீதம், அதுவே நாட்டின் மிக உயர்ந்த வீதம். முல்லைத்தீவில் 12.7 வீதம். ஆனால் அடுத்துள்ள வவுனியாவில் 2 வீதம் மாத்திரமே. மூன்றும் உலர்வலய மாவட்டங்கள். மூன்றிலும் குளங்களை நம்பிய நெற்செய்கையே பிரதானம். மண்ணும் மழையும்தான் காரணம் என்றால் இந்த இடைவெளி எவ்வாறு ஏற்பட்டது?

போர்க்காலத்தில் வவுனியா நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. வங்கிகளும் மொத்த வியாபாரமும் அங்கே தங்கின. வடக்கே ஓமந்தைக்கு அப்பால் எரிபொருளுக்கும் பசளைக்கும் சீமெந்துக்கும் தடை. 1990 இல் நின்றுபோன புகையிரதம் கிளிநொச்சியை மீண்டும் எட்டியது 2013 இல். இதற்கிடையில், 2009 இல், இரு மாவட்டங்களின் மக்களும் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்து, உழவு இயந்திரத்தையும் கால்நடையையும் நகையையும் இழந்து முகாம்களை அடைந்தார்கள். ஒரு தலைமுறையின் முதல் அங்கே அழிந்தது.

அதே மண் முன்னர் செழித்திருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970-77 காலப்பகுதியில் மிளகாயும் வெங்காயமும் வடபகுதி விவசாயியை நிமிர்த்தி வைத்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்தப் பாதுகாப்பு பறிபோயிற்று. மறுபுறத்தில், 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் விமான நிலையத்தை அண்டிக் கட்டுநாயக்காவில் உருவாயிற்று. ஏற்கனவே முன்னேறிய மேல் மாகாணம் மேலும் முன்னேறியது. தண்ணீர் பள்ளத்தை நாடும். முதலீடோ மேட்டையே நாடும். அதைத் திசைதிருப்புவது அரசின் கடமை.

போருக்குப் பின்னர் வீதிகள் செப்பனிடப்பட்டமை உண்மை. ஆனால் வீதி மாத்திரம் அபிவிருத்தி ஆகாது. நெல் லொறியேறித் தென்பகுதி ஆலைகளுக்குச் செல்கிறது. அதே வீதியால் வந்த கடன் நிறுவனங்களிடம் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் சிக்கினார்கள். கேப்பாப்புலவு மக்களோ 2017 இல் தமது சொந்தக் காணிக்காக வீதியோரத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது.

கொழும்பை மாத்திரம் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது, அவர்களைச் சுயநலமிகள் என்று ஏசியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. இருசாராரும் வாழ வழி இருந்தது. தேடும் மனம்தான் தாமதித்தது. கொழும்பு நமக்குச் செய்வதாக நாம் கூறுவதை, வன்னிக்கு நாமே செய்யலாமா?

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, விவசாயிகளே உரிமையாளராக இருக்கும் ஒரு நெல் ஆலைக்குக் கொடுங்கள். வன்னி கேட்பது இரக்கத்தை அல்ல. தன் விளைச்சலின் பயன் தன்னிடமே தங்க வேண்டும் என்பதைத்தான்.