இடக்கைக்கும் வேலை கொடுங்கள்

எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996-இல் தொடங்கிய விமானக் கண்காட்சி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஊர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய், காது அடைக்க வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறோம். வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டில் ஒரு கோரிக்கை எழும்: "அப்பா, எனக்கு ஒரு ஸ்டிக் வேணும்." கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டிப் பழகுவதற்கான கைப்பிடியைத்தான் பிள்ளைகள் ஸ்டிக் என்கிறார்கள்.

இதற்கு நம் வீடுகளில் இரண்டே பதில்கள்தாம் உண்டு. ஒன்று, "போய்ப் படிக்கிற வேலையைப் பார்." மற்றது, பிள்ளை நாளைக்கே பைலட் ஆகிவிடப் போகிறான் என்று, கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவது. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. ஓய்வு பெற்றபின் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து நானும் இதைப் பழகி வருகிறேன். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை பேச்சு என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் வந்தவர். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே (நம் ஆர்மோனியத் துருத்திக்கு அண்ணன் என்று வையுங்கள்) தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு குட்டி விமானத்தை 1929 வாக்கில் செய்தார். விமானப் பயிற்சிக்கென்றுதான் செய்தார். ஆனால் முதலில் அதை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். காசு போட்டு ஏறி ஆடும் சாமானாக அது சில வருஷம் கிடந்தது. 1934-இல் தபால் கொண்டுபோகும் வேலை அமெரிக்க ராணுவ விமானிகளிடம் வந்தது. மோசமான வானிலையில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் போதாமல், 12 விமானிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளில் 6 வாங்கியது. இன்றைய சிமுலேட்டர்களுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் 'ஸ்டிக்' என்று கேட்கிறார்கள். நாமும் ஸ்டிக்கை மட்டும் வாங்கித் தருகிறோம். என் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

வீணை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மீட்டுவது வலக்கை. ஆனால் கமகம் பிறப்பது மெட்டின் மேலே ஓடும் இடக்கை விரல்களில். போர் விமானத்திலும் வலக்கையில் ஸ்டிக், இடக்கையில் த்ராட்டில். ஸ்டிக் விமானத்தின் மூக்கை ஏற்றும், இறக்கும், உடலைப் பக்கவாட்டில் சாய்க்கும். த்ராட்டில் எஞ்சினின் வலுவைக் கூட்டும், குறைக்கும். 1970-களின் எஃப்-15, எஃப்-16 விமானங்களிலிருந்து ரேடார், ஆயுதம், ரேடியோ ஆகியவற்றுக்கான பொத்தான்களையும் இந்த இரண்டு பிடிகளின் மேலேயே பதித்துவிட்டார்கள். கையை எடுக்காமலே எல்லாம் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஹோட்டாஸ் என்று பெயர். நம் தேஜஸிலும் இப்படித்தான். 2010-இல் த்ரஸ்ட்மாஸ்டர் கம்பெனி, அமெரிக்க ஏ-10சி விமானத்தின் இரு பிடிகளையும் அச்சு அசலாக உலோகத்தில் செய்து வீட்டுக் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு விற்கத் தொடங்கியது. அதன் விலை பலருக்குக் கட்டாது, கட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஸ்டிக்கும் த்ராட்டிலும் ஜோடியாக வருவதே ஆரம்பத்துக்குப் போதும்.

ஸ்டிக்கை மட்டும் வாங்கினால் என்ன ஆகிறது? அதன் அடியில் ஒரு விரல் நீளத்துக்குச் சின்ன நெம்புகோல் இருக்கும், இல்லாவிட்டால் கீபோர்டில் இரண்டு விசைகள். பிள்ளை அதை ஒருமுறை முழுக்கத் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறான். முழு வேகத்தில் வலக்கையால் மட்டும் போராடுகிறான். எத்தனை மாதம் ஆடினாலும் இறங்கத் தெரியாமலே ஆடுகிறான்.

புதிதாகப் பிடிக்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். எல்லாரும் ஸ்டிக்கை உலக்கை பிடிப்பதுபோல் முஷ்டியால் பிடிப்பார்கள். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் இழுப்பார்கள். விமானம் உடனே கேட்காது. அதற்குள் இன்னும் இழுப்பார்கள். பிறகு மூக்கு வேண்டியதற்கு மேல் ஏறிவிடும், பதறித் தள்ளுவார்கள். ஊஞ்சலை நிறுத்துகிறேன் என்று தப்பான நேரத்தில் தள்ளித் தள்ளி வீச்சைக் கூட்டுகிற கதை. கட்டை விரலும் இரண்டு விரலும் மட்டும் பட்டால் போதும். கொஞ்சம் அசைத்து, விட்டு, விமானம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சொல்ல எளிது. என்னோடு உட்காரும் பிள்ளைகளுக்கு இது கைக்கு வர மூன்று வாரமாவது ஆகிறது.

இந்த ஊஞ்சலாட்டம் தேர்ந்தவர்களையும் விடுவதில்லை. 1974 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில், எஃப்-16-இன் முதல் மாதிரி விமானத்தை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே நடந்தது. பறக்க வைக்கும் எண்ணம் அன்றைக்கு இல்லை. அதன் ஸ்டிக் அசைவதே இல்லை, கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். விமானம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்து, ஓடுபாதையை விட்டு விலகத் தொடங்கியது. ஃபில் ஓஸ்ட்ரிக்கர் என்ற சோதனை விமானி, தரையில் அதோடு மல்லுக்கட்டாமல் மேலே கிளப்பிவிட்டார். 6 நிமிஷம் பறந்து பத்திரமாக இறக்கினார். எஃப்-16 முதன்முதலாகப் பறந்தது இப்படித்தான், திட்டமே இல்லாமல். வலக்கை திணறியபோது அவருக்குக் கைகொடுத்தது எஞ்சினின் வலு.

இடக்கையின் பாடம் இதைவிட நுட்பமானது. டி.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் காம்பாட் சிமுலேட்டரில் காசில்லாமலே கிடைக்கும் விமானங்களில் ஒன்று, டி.எஃப்-51 என்ற பயிற்சி மஸ்டாங். அதில் துப்பாக்கியே கிடையாது. அதனால் பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் முதலில் அதில்தான் உட்கார வைக்கிறேன். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால் பெரிய புரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுத்துப் புல்வெளியில் கொண்டு சேர்த்துவிடும். மெதுவாக, மூச்சு விடுகிற நிதானத்தில் தள்ளி, இழுப்பு வருகிறபோதே காலால் ரடரை மிதித்துச் சரிசெய்ய வேண்டும். நாலு தடவை புல்லில் போய் நின்ற பிள்ளைக்கு இடக்கை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்துவிடும்.

அடுத்தது மிக்-21. நம் விமானப்படைக்கு 1963-இல் வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். அதன் 'பிஸ்' வகை டி.சி.எஸ்.ஸில் இருக்கிறது. இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும். இங்கேதான் மனித இயல்புக்கே விரோதமான ஒரு விதி வருகிறது. விமானம் தாழ்கிறது என்று தெரிந்தால் கை தானாக ஸ்டிக்கை இழுக்கும். அந்த வேகத்தில் இழுத்தால் மூக்குதான் தூக்கும். காற்றின் எதிர்ப்பு கூடும், வேகம் குறையும், முன்னைவிட வேகமாகத் தாழும். செய்ய வேண்டியது த்ராட்டிலைத் தள்ளுவது. அதையும் முன்கூட்டியே தள்ள வேண்டும். அந்தக் கால ஜெட் எஞ்சின் சொன்னவுடன் கேட்காது, சில விநாடி எடுத்துக்கொள்ளும். இதற்குமேல், அந்த விமானத்தில் எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை இறக்கையின் ஃப்ளாப்புகள் மேல் ஊதித்தான் தாங்குசக்தியைக் கூட்டுகிறார்கள். வேகம் அதிகம் என்று பயந்து த்ராட்டிலை ஒரேயடியாக இழுத்துவிட்டால், ஊதும் காற்றும் குறைந்து, விமானம் கல்லாக விழும்.

சிமுலேட்டரில் விழுந்தால் மறுபடி ஒரு பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். நிஜத்தில் நம் இளைஞர்கள் பல வருஷம், கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இந்த மிக்-21-க்கு ஒரே தாவாகத் தாவ வேண்டியிருந்தது. நடுவில் ஒரு படி வேண்டும், அதற்கென்று உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்க வேண்டும் என்று, பின்னாளில் விமானப்படைத் தளபதியான லா ஃபொன்டேன் தலைமையிலான குழு 1982-இலேயே சொன்னது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். பீதரில் அது முறைப்படி சேர்க்கப்பட்டது 2008-இல். இடையில் 26 வருஷம். மிக்-21 விபத்துகளுக்கு எஞ்சின் கோளாறு, பறவை மோதல் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் இதன்மேல் போட முடியாது. ஆனால் படி தாண்டிக் கற்பதற்கு விலை உண்டு என்பதை இந்த நாடு தெரிந்துகொண்ட விதம் அது. அந்த வரலாறு தெரிந்த நாம், வீட்டு மேசையில் மட்டும் பிள்ளையை முதல் நாளே எஃப்-18-இல் ஏற்றி ஏவுகணை விடச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

"போர் விளையாட்டு, சுடுகிற விளையாட்டு, குழந்தைகளுக்கு எதற்கு?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இது போர்க் கருவிதான், வேறு வேஷம் போட்டுக் காட்ட நான் தயாரில்லை. ஆனால் ஒழுங்காகக் கற்கிற பிள்ளை முதல் மூன்று மாதம் எதையும் சுடமாட்டான். ஏறுவான், திரும்புவான், இறங்குவான். இன்னொரு விமானத்தின் பக்கத்திலேயே ஒட்டிப் பறக்கப் பழகுவான். அதில் இடக்கை ஓயாமல் கால் அங்குலம் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். அதைச் செய்து முடித்த பிள்ளைக்கு விசையை இழுப்பது பெரிய கவர்ச்சியாகத் தோன்றுவதில்லை, நான் பார்த்தவரையில்.

எதிர்பக்கத்துப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பிள்ளையை விமானி ஆக்காது. நாற்காலி அசையாது, உடம்பின் எடை பல மடங்காகிக் கழுத்தை அழுத்தாது, வயிறு புரளாது, பயம் வராது. வீட்டு ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கும் நிஜ விமானத்தின் விசைக்கும் சம்பந்தம் குறைவு. விமானப்படையில் பறக்கும் பிரிவுக்குப் போகிறவர்கள், மைசூர் போன்ற இடங்களில் உள்ள தேர்வு வாரியத்தில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு திறன் சோதனை தர வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒத்துழைக்கின்றனவா என்றும் அதில் பார்க்கிறார்கள். வாழ்நாளில் ஒரே முறைதான். தேறாவிட்டால் விமானியாக மறுபடி முயல வழியில்லை. வீட்டில் ஸ்டிக் பிடித்தவன் அதில் தேறுவான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அப்படிச் சொல்லி விற்பவர்களையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. நான் 'பையன்', 'பையன்' என்று எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, எங்கள் குடியிருப்பில் இறங்குவதில் கெட்டிக்காரி ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அவளுக்குச் சொந்தமாக ஸ்டிக் கிடையாது. அண்ணன் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரத்தில் பழகுகிறாள். 2016-இலேயே மூன்று பெண்கள் நம் விமானப்படையில் போர் விமானிகளாகிவிட்டார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் தேறி வெளியே வந்துவிட்டது. வீட்டு மேசையில் மட்டும் இன்னும் பங்கீடு நடக்கவில்லை.

நம் சங்கத்துத் தமிழ் ஆர்வலர்கள் என்னைப் பிடித்துக்கொள்ளுமுன் சொல்லிவிடுகிறேன். த்ராட்டிலுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் கண்டுபிடிக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப என்ன செஞ்சே, சொல்லு" என்று கேட்டால், வீட்டில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற பிள்ளை, "மூக்கு தொங்கிப் போச்சு தாத்தா, அதான் கொஞ்சம் முன்னாடியே தள்ளினேன்" என்கிறது. தள்ளு, இழு, விடு, தளர்த்து, சாய் என்று வினைச்சொல் எல்லாம் தமிழாகவே வருகிறது. தமிழ் வகுப்பில் அதே பிள்ளையிடம் ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் ஆசிரியைக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறதாம்.

சங்கச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டிக்கும் த்ராட்டிலுமாக ஒரு ஜோடி வாங்கிக் கேரம் போர்டு அறையில் வையுங்கள். கொஞ்சம் தாழ்வான மேசையாக இருக்கட்டும். முழங்கை தொங்கினால் விரல் இறுகிப்போகும். காலுக்கு ரடர் பெடல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து 6 மணிவரை, ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம் என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டு நான் உட்காரத் தயார். முதல் மாதம் மஸ்டாங் மட்டும்தான். கூட வரும் அப்பாவோ அம்மாவோ வெளியே வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உள்ளே பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்குச் செயற்குழு ஒப்புக்கொண்டால், வருகிற மாதமே ஆரம்பித்துவிடலாம்.