வார்டில் தலைகுனிய வைப்பது பாடமாகாது

பல்லடம் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டால் ஊரே கொண்டாடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். படித்த பள்ளியில் சால்வை போர்த்துகிறார்கள். விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறவரின் மகளும், கறிக்கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவரின் மகனும் வெள்ளைக் கோட்டுப் போடும் காலம் இது. அந்தக் கொண்டாட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஃப்ளெக்ஸ் கிழிந்து ஓராண்டு ஆன பின்பு, இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் கிடைக்கும் பதில் கல்லூரிகளுக்கோ அரசுக்கோ பெருமை தருவதாக இருக்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2020 அக்டோபர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. பல்லடத்துக்காரருக்கு மருத்துவக் கல்லூரி என்பது இன்று பக்கத்து ஊர்ச் சங்கதி. கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே போனவர்களுக்கு நடப்பதைப் பற்றித்தான் நாம் பேசியாக வேண்டும்.

முதல் ஆண்டில் உடற்கூறும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும். அவை கடினம்தான், ஆனாலும் நீட்டுக்குப் படித்ததன் நீட்சி என்று ஒருவாறு சமாளித்துவிடலாம். இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி மூன்றும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ராபின்ஸ் பேத்தாலஜிப் பாடநூல், நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் செயல்படும் விதம், பக்க விளைவு, கொடுக்கக் கூடாத நிலை. முன்பு இந்தக் கட்டத்துக்கு ஒன்றரை ஆண்டு இருந்தது. 2019ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் அது 12 மாதமாகச் சுருங்கியது. சட்ட மருத்துவத்தை மூன்றாம் ஆண்டுக்கு நகர்த்தினார்கள். மற்ற மூன்றின் கனம் குறையவில்லை. இதற்கிடையில் காலைப் பொழுது வார்டு போஸ்டிங்குக்குப் போய்விடுகிறது. பிற்பகலில் வகுப்பு, பிறகு லாக்புக், இன்டர்னல் தேர்வு. இரவு எந்நேரம் வரை விழித்திருந்தாலும் படித்தது போதவில்லை என்ற உணர்வு விடுவதில்லை.

இந்தச் சுமையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றே பல மாணவர்கள் சொல்கிறார்கள். தாங்க முடியாதது வார்டில் நடப்பது. நோயாளியின் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பேராசிரியர் அவர்களில் ஒருவரைக் கேஸ் சொல்லச் சொல்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த அந்தப் பிள்ளைக்கு நோயாளி சொன்னது முழுக்கத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் எழும்பவில்லை. உடனே, "எந்த ஸ்கூல்?" என்று ஒரு கேள்வி. பதில் வந்ததும் ஒரு சிரிப்பு. "உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு?" என்று இன்னொரு கேள்வி. கட்டிலில் படுத்திருக்கும் ஆத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இத்தனை நேரம் தன்னைக் "கண்ணு" என்று கூப்பிட்டுக் கதை சொன்ன அவர் முன்னாலேயே அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது.

இது தவறு. கண்டிப்பு, ஒழுங்கு, அந்தக் காலத்துப் பழக்கம் என்று எந்தப் பெயர் சொல்லி மூடினாலும் தவறு. மாணவர் படிக்காமல் வந்தால் கேள்வி கேட்கலாம், திருப்பி அனுப்பலாம், மறுநாள் படித்துவிட்டு வரச் சொல்லலாம். அந்த உரிமை ஆசிரியருக்கு உண்டு, கடமையும்தான். அவருடைய பள்ளியையும் ஊரையும் பேச்சையும் பெற்றோரின் தொழிலையும் இழுத்து நோயாளியின் முன்னால் சிறுமைப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

"நாங்களும் இப்படித் திட்டு வாங்கித்தான் டாக்டர் ஆனோம்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் திட்டுத்தான் அவர்களை நல்ல மருத்துவர் ஆக்கியது என்பதற்கு என்ன ஆதாரம்? வார்டில் "தெரியாது" என்று சொன்னதற்கு அவமானப்பட்ட மாணவர் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: தெரியாததை மறைக்க. பார்க்காத ரத்த அழுத்தத்தைப் பார்த்ததாக எழுத, கேட்காத இதய ஒலியைக் கேட்டதாகத் தலையாட்ட அங்கேதான் பழகுகிறார். நாளை அவர் இரவுப் பணியில் தனியாக இருக்கும்போது, மூத்தவருக்குப் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்கப் பயந்து நின்றால், அந்தப் பயத்துக்கான விலையை நோயாளி கொடுப்பார். ஆகவே இது மாணவர் நலனோடு நிற்கும் விஷயமில்லை. அரசு மருத்துவமனையை நம்பி வரும் ஒவ்வொருவரின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் ஓர் அறிக்கை தந்தது. அதன் கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பது கண்டறியப்பட்டுள்ளதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவருக்கு மேல். நாளை மற்றவர்களைக் குணப்படுத்தப் போகிறவர்களின் நிலை இது. அதே மருத்துவப் பாடத்திட்டத்தில் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படி மரியாதை காட்ட வேண்டும் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும் கூரையின் கீழேயே மாணவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்றால், அந்தப் பாடத்தை அவர் எப்படி நம்புவார்?

இவ்வளவுக்கும் நடுவில், மருத்துவப் படிப்பின் முதல் நிஜமான சந்தோஷம் வாய்ப்பதும் இந்த இரண்டாம் ஆண்டில்தான். புத்தகத்தில் படித்த மண்ணீரல் வீக்கம் முதன்முறையாக விரல் நுனியில் தட்டுப்படுகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் இதயத்தின் முதல் முணுமுணுப்பு காதில் விழுகிறது. கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் ஒன்று உண்டு. நூற்பாலைப் பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களுக்கு வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும் என்பது அதன் அடையாளம். "லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் ரொம்ப முடியலீங்களா?" என்று நம் ஊர்ப் பிள்ளை கேட்கும். "ஆமாங் கண்ணு, அன்னைக்குத்தான் நெஞ்சப் புடிச்சு அமுக்குது" என்று பதில் வரும். விசைத்தறி இரைச்சலில் காது மந்தமாவதை அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் அப்பாவிடம் சத்தமாகப் பேசியே வளர்ந்த பிள்ளை அது.

கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடத்திலிருந்து போன மாணவர், ஃபார்மகாலஜியில் கோலிஸ்டின் என்ற மருந்தைப் படிக்கிறார். மற்ற ஆன்டிபயாட்டிக் எதுவும் கேட்காத கிருமிக்கு எதிராகக் கடைசியாகக் கையில் எடுப்பது அது. உணவுக்காக வளர்க்கும் கோழி உள்ளிட்ட உயிரினங்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. சொந்த ஊரின் பிழைப்பும் உலகம் முழுக்க மருத்துவர்கள் அஞ்சும் ஒரு பிரச்சினையும் ஒரே பக்கத்தில் சந்திப்பதை அந்த மாணவரைவிட யார் ஆழமாகப் புரிந்துகொள்ள முடியும்? "உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு" என்று கேட்கப்படுகிறவர் இவர்தான்.

மொழித் தடையை நீக்குவது ஒன்றும் முடியாத காரியமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார், தமிழில் படித்த மருத்துவர்களை உருவாக்கினார். இன்று பாடநூலும் தேர்வும் முழுக்கத் தமிழாக வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பேத்தாலஜி வகுப்பில் வீக்கம் எப்படி உண்டாகிறது என்பதை ஒருமுறை தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதால் எந்தத் தரமும் குறைந்துவிடாது. முதல் சில மாதங்களுக்குக் கேஸைத் தமிழில் சொல்ல விடுங்கள். ஆங்கிலம் தானாகப் பின்னால் வரும். கட்டணத்தைக் கட்டியதோடு தன் கடமை முடிந்தது என்று அரசு நினைத்தால், அது தந்த இடத்தின் பாதியைத்தான் தந்திருக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டினருக்கு மாலை நேர விளக்க வகுப்பும், துறைக்கு வெளியே உள்ளவர் விசாரிக்கும் புகார் ஏற்பாடும், மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத மனநல ஆலோசகரும் வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இப்போது சீனியர்கள். காலையில் வார்டில் வாங்கியதை இரவு விடுதியில் ஜூனியரிடம் இறக்கி வைக்கும் ஆசை வரும். 1996 நவம்பரில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டுக்கு ராகிங் தடைச் சட்டம் வந்தது. உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி, இன்னொருவருக்கு அநீதி செய்ய உங்களுக்குத் தரப்பட்ட உரிமை அல்ல.

கோவை, திருப்பூர், பல்லடத்தில் இன்று பெயர் சொல்லும் மருத்துவர்களில் பலர் தமிழ் வழியில் படித்து, இதே வார்டுகளில் நாக்குழறி நின்றவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் படித்த பாடத்தைத் தமிழில் பேசச் சொல்லிக் கேளுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.